வாரச் சம்பள வீட்டுக்கு டீப் ஃபிரீசர் தேவையா? மளிகை மொத்தமாக வாங்குவது பற்றி யோசனை சொல்லுங்கள்

கலா_லைன்வீடு:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை லைன் வீட்டில் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் நான் துணி செக்கிங், வீட்டுக்காரர் பவர் டேபிள் தையல். இரண்டு பேருக்கும் சனிக்கிழமை சம்பளம். பிள்ளைகள் இரண்டு, மாமியார் கூடவே இருக்கிறார். மளிகை, காய், பால், கறி எல்லாம் சேர்த்து வாரம் 2,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், ஆர்டர் இல்லாத வாரத்தில் அதுவும் கிடையாது, முக்குக் கடையில் பற்று எழுதித்தான் ஓடும். இப்போது தெரிந்தவர் ஒருவர் ஐஸ்கிரீம் கடையை மூடுகிறார், அவரிடம் உள்ள டீப் ஃபிரீசரை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார், தவணையாகக் கொடுத்தாலும் சரியாம். கறி, மீன், காய் எல்லாம் விலை குறையும்போது வாங்கிப் போட்டுவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு ஆசை. வீட்டில் ஏற்கெனவே 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

ஃபிரிட்ஜ்_டாக்டர்:
வேண்டாம் அக்கா. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தொழில்காரன் ஏதோ சொல்கிறான் என்று நினைப்பீர்கள்.

ஐஸ்கிரீம் கடையில் பல வருடம் ஓடிய பெட்டி என்றால் கதவு ரப்பர் போயிருக்கும், கண்ணாடி மூடி வைத்த மாடல் என்றால் குளிர் இன்னும் சீக்கிரம் வெளியே போகும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். முக்கியமான விஷயம், லைன் வீடு என்கிறீர்கள். சப் மீட்டரா, அதாவது ஓனர் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த மீட்டரா? வீட்டு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் போட்டு வாங்குகிறாரா? அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உங்கள் கைக்கே வராது. சொந்த இணைப்பு இருப்பவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடுவதில்லை, 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த ரேட்டும் சேர்ந்து போய்விடும். பழைய பெட்டி ஒன்றே உங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

இருக்கிற ஃபிரிட்ஜையே ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் தட்டு டீப் ஃபிரீசர் கிடையாது. பல மாடல்களில் அந்தச் சின்னக் கதவில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. வெளியே ஒட்டியிருக்கும் கரண்ட் சிக்கன ஸ்டாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நிறைய பேர் குழப்பிக்கொள்வார்கள். ஆறு மாதம் வைக்கலாம், எட்டு மாதம் வைக்கலாம் என்று வீடியோவில் சொல்வதெல்லாம் மைனஸ் 18 கணக்கு. உங்கள் தட்டு அந்த அளவுக்குப் போகாவிட்டால் கறி, மீனை அவ்வளவு நாள் வைக்காமல் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

ஒண்டிக்கட்டை:
நான் மேன்ஷனில் இருப்பவன், எனக்கு ஃபிரிட்ஜே கிடையாது, இருந்தாலும் ஒரு சந்தேகம். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா எண்ணெய் டின் வாங்கிய மாதமெல்லாம் தினமும் பஜ்ஜிதான். 15 கிலோ எண்ணெய் கண்ணுக்கு முன்னால் இருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? இதில் எங்கே மிச்சம்?

கலா_லைன்வீடு:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. இங்கேயும் பிஸ்கட் பெரிய பாக்கெட் வாங்கினால் சின்னவன் ஒரே நாளில் முடித்துவிடுவான். ஃபிரிட்ஜ் டாக்டர் சார், வீட்டு ஓனர் ஒரே ரேட்தான் போடுகிறார். அப்போது டீப் ஃபிரீசர் கதை முடிந்தது. சரி, ஃபிரிட்ஜை வைத்தே எப்படி என்று சொல்லுங்கள்.

முக்குக்கடை_அண்ணாச்சி:
கடைக்காரனாகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வாரச் சம்பளக்காரர்கள் கடையில் எதை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 50 மில்லி தேங்காய் எண்ணெய், 100 கிராம் துவரம்பருப்பு, ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள், ஒரு சரம் ஷாம்பு. எங்களுக்கு லாபம் அதில்தான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கப் பணம் இருக்காது என்பதும் தெரியும், அதனால் மாத மளிகை லிஸ்ட் போடச் சொல்லும் யோசனையெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. வாரத்துக்கு ஒரே ஒரு சாமானை மட்டும் பெரிதாக எடுங்கள். இந்த வாரம் மிளகாய், அடுத்த வாரம் சீரகமும் மிளகும், அதற்கடுத்த வாரம் உளுந்து. மற்றதெல்லாம் பழையபடி சில்லறையிலேயே ஓடட்டும். ஒரு சுற்று வந்துவிட்டால் வேலை இல்லாத வாரத்தில் பற்று நோட்டைத் தேட வேண்டியிருக்காது. பற்று எழுதுகிறவர்களிடம் நான் வட்டி வாங்குவதில்லை, ஆனால் நோட்டில் பாக்கி இருக்கும்போது யாரும் விலை கேட்பதும் இல்லை, நான் குறைத்துச் சொல்வதும் இல்லை. இதற்கு மேல் விளக்கமாகச் சொன்னால் என் கடைக்கே நஷ்டம்.

எண்ணெய் பாக்கெட் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், உள்ளே 800 கிராம், 750 கிராம்தான் இருக்கும், விலை 20 ரூபாய் குறைவு என்று எல்லோரும் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். இப்போது எம்ஆர்பி பக்கத்திலேயே ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். அதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், போதும். பெரிய பாக்கெட்டில் கிராம் விலை கூடுதலாக இருக்கும் சாமானும் உண்டு.

அப்புறம் ரேஷன். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி இலவசம். இந்த விலைக்கு எந்த மொத்தக் கடையிலும் கிடைக்காது. சிலர் ரேஷன் பருப்பு வேகவில்லை என்று விற்றுவிட்டு என்னிடம் நாலு மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். ஊறவைத்துக் குக்கரில் இரண்டு விசில் கூட விட்டால் வேகாமல் எங்கே போகும்?

மல்லிப்பொடி:
அண்ணாச்சி கடைரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டார் 😄

கலா, வாரத்துக்கு ஒரு சாமான் என்பதோடு அது எந்த மாதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது மிளகாயும் மல்லியும் மாசி, பங்குனியில் வரும், அப்போதே ஒரு வருடத்துக்கு வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டு மெஷினில் கொடுத்து அரைத்துவிடலாம். புது துவரை தை, மாசியில். வெல்லம், நாட்டுச் சர்க்கரை தைப் பொங்கல் சமயத்தில், உங்களுக்கு கவுந்தப்பாடி பக்கம்தானே. முருங்கைக்காய் வெயில் காலத்தில் மூலனூர்ப் பக்கத்திலிருந்து மலிந்து வரும், அதே காய் மார்கழியில் தங்கம் மாதிரி. எலுமிச்சை மட்டும் நேர்மாறு, மழைக் காலத்தில் மலிவு, சித்திரையில் கை வைக்க முடியாது. அதனால் ஐப்பசியில் ஊறுகாய் போட்டுவிடுங்கள். பச்சைப் பட்டாணி மார்கழி, தையில் மலிவு.

புளி பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிஜமாகவே பணம் நிற்கும். பங்குனி, சித்திரையில் கொட்டையோடு புதுப் புளி வரும். கொட்டை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும், நம் கூலி நமக்கே. நார் எடுத்து, கொட்டை தட்டி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டும், ஆனால் ஈரம் தெரியக் கூடாது, அந்தப் பதம் வந்ததும் எடுங்கள். கல்லுப்பையும் தனியாக வெயிலில் காயவையுங்கள், ஈர உப்பு போட்டால் புளி நீர்விட்டுக்கொள்ளும். மண்பானை அல்லது பீங்கான் ஜாடியில் அடியில் ஒரு கை உப்பு, மேலே புளி, மறுபடி உப்பு, கையால் அமுக்கி அமுக்கி இடைவெளி இல்லாமல் அடைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். எவர்சில்வர், அலுமினியம் எதிலும் வைக்கக் கூடாது. புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும், போகப்போகக் கறுக்கும், அது கெட்டுப்போனதில்லை. ரசத்துக்குப் பழம்புளிதான் என்று அடம்பிடிக்கும் ஆட்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அளவு மட்டும் குறைத்துப் போடுங்கள்.

மாமியார் வீட்டில் இருக்கிறார் என்றீர்கள், வற்றல் போட ஆள் இருக்கிறது. சித்திரை வெயில் வீணாகலாமா? சுண்டைக்காய், கொத்தவரை, மோர் மிளகாய், வடகம், இதற்கெல்லாம் கரண்டும் வேண்டாம், ஃபிரீசரும் வேண்டாம்.

ஒண்டிக்கட்டை:
வருடத்துக்கு வாங்கிப் போடுவது சரி, வண்டு? ஊரில் அரிசி டிரம்மில் ஒரு மாத்திரை போடுவார்கள், ஒரு வண்டு வராது. மெடிக்கலில் இல்லை, உரக்கடையில் கிடைக்கும்.

ஃபிரிட்ஜ்_டாக்டர்:
அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பின் என்ற விஷ வாயு வரும், கிடங்கில் தார்பாய் போட்டு மூடி, ஆளை வெளியேற்றிவிட்டுப் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. மூடிய அறையில் மூட்டையோடு படுத்துத் தூங்கிய குடும்பங்களில் உயிர் போயிருக்கிறது. லைன் வீட்டில் சமைப்பதும் படுப்பதும் அடுத்தடுத்த அறை, பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். போரிக் பவுடர் கலப்பதும் வேண்டாம்.

வண்டு முட்டைக்கு ஃபிரீசரே மருந்து. ரவை, கடலை மாவு, கோதுமை மாவு வாங்கியதும் காற்றுப் புகாத கவரில் கட்டி நாலைந்து நாள் ஃபிரீசரில் வைத்து எடுங்கள், வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவில் கொட்டுங்கள். குளிராக இருக்கும்போது திறந்தால் வேர்த்து மாவு கட்டி பிடிக்கும். உங்கள் தட்டு அவ்வளவு குளிராது என்றால் இன்னும் சில நாள் விட்டு வையுங்கள்.

மல்லிப்பொடி:
ரவையை லேசாக வறுத்து வைத்தாலே போதும். பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறிக் காயவைத்தால் வண்டு அண்டாது, கழுவினால் போய்விடும். அரிசிக்குக் காய்ந்த வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுகிறோம். அதைவிட முக்கியம் டப்பா காய்ந்திருப்பது, பழைய அரிசியின் மேலேயே புதிதைக் கொட்டாமல் இருப்பது.

நாகை_கடற்கரை:
மீன் பற்றி யாரும் பேசவில்லையே. அக்கா மீனை வாங்கிச் சேர்க்கிறேன் என்றீர்கள், திருப்பூரில் இருந்துகொண்டு அதைச் செய்யாதீர்கள் என்பேன். உங்கள் மார்க்கெட்டுக்கு வருவது ஏற்கெனவே ஐஸில் பல நாள் கிடந்து வருவது, சில நேரம் ஒருமுறை உறைந்து இளகியது. அதை வாங்கி மறுபடி வீட்டில் உறையவைத்தால் சதை நாராகிவிடும், வாடையும் வரும். அன்றைக்கு வாங்கி அன்றைக்கே குழம்பு வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது, அப்போது விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே சேர்க்க வேண்டுமானால் கருவாடு வாங்குங்கள். நெத்திலி, சாளை நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, தலை கிள்ளி, மூடி இறுக்கமான டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும்.

எப்போதாவது ஊரிலிருந்து நல்ல மீன் வந்துவிட்டால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். சுத்தம் செய்த துண்டுகளை டப்பாவில் அடுக்கி மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றி உறையவிடுங்கள், காற்றுப் படாததால் காய்ந்து வெளுக்காது. மத்தி, கானாங்கெளுத்தி போல நெய் உள்ள மீன் சீக்கிரம் காறிப்போகும், அதை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

கலா_லைன்வீடு:
மீன் புரிந்தது அண்ணா. கறிக் கோழி? ஞாயிற்றுக்கிழமை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

முக்குக்கடை_அண்ணாச்சி:
கோழிக்குப் பக்கத்திலேயே பல்லடம் இருக்கிறது, பண்ணை விலை அங்கிருந்துதானே அறிவிக்கிறார்கள், பேப்பரில் நாமக்கல் முட்டை விலையோடு வரும். புரட்டாசியில் பாதிச் சனம் கறி தொடாது, கோழியும் முட்டையும் இறங்கும். கார்த்திகையில் மாலை போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று மலிவு தேடாதீர்கள், வார நாளில் வாங்கிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டை அட்டையோடு 30 வாங்கினால் சில்லறையைவிடக் குறைவு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாலு வாரம் தாங்கும். ஓட்டோடு ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

ஃபிரிட்ஜ்_டாக்டர்:
கோழியை ஒரே கட்டியாக உள்ளே தள்ளாதீர்கள், அது உறைய ஒரு நாள், இளக ஒரு நாள். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, கவரில் போட்டுத் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம், சின்னத் தட்டில் நிறைய பிடிக்கும். சமைக்கும் முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்தில் இறக்கி வையுங்கள். சிங்க்கில் மத்தியானம் முழுக்கப் போட்டு இளக்குவது ஆபத்து, உள்ளே கட்டியாக இருக்கும்போதே மேல்பக்கம் கெடத் தொடங்கிவிடும். உறையவைப்பதால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். இளகியதைப் பச்சையாக மறுபடி உறையவைக்க வேண்டாம்.

ஃபிரீசர் ஓரத்தில் ஐஸ் விரல் கனத்துக்கு ஏறினால் டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்குங்கள். கத்தியால் குத்தாதீர்கள். மாதம் இரண்டு பேராவது குத்திக் குழாயில் உள்ள கேஸ் போய் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

மல்லிப்பொடி:
கறியை விடுங்கள், அந்தச் சின்னத் தட்டில் நான் எதற்கு இடம் கொடுப்பேன் என்றால் மிஞ்சிப்போகிற சாமானுக்குத்தான். அரை மூடி தேங்காய் மிஞ்சினால் மறுநாள் பிசுபிசுத்துவிடும், இப்போது தேங்காய் விற்கும் விலைக்கு அதைத் தூக்கிப் போட மனசு வருமா? துருவி ஒரு டப்பாவில் போடுங்கள், அப்படியே அள்ளிப் பொரியலில் போடலாம். தக்காளி உழவர் சந்தையில் முடியும் நேரத்தில் கிலோ கணக்கில் அள்ளிக் கொடுப்பார்கள், வாங்கி வேகவைத்துத் தோல் உரித்து அரைத்துத் தட்டையாகக் கவரில். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி மாதத்தில் இந்தக் கவர் கைகொடுக்கும். பட்டாணியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு உடனே குளிர்ந்த நீரில் கொட்டி ஈரம் துடைத்து வையுங்கள், பச்சையாகப் போட்டால் நிறமும் ருசியும் மங்கும். இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை எல்லாம் வைக்கலாம். உருளைக்கிழங்கு போட்ட குழம்பு, வெள்ளரி, தயிர் வேண்டாம், தண்ணீராகப் பிரிந்துவிடும்.

ஒண்டிக்கட்டை:
மாதம் ஒரு நாள் மின்வாரியப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துகிறார்களே, அன்றைக்கு இதெல்லாம் என்ன ஆகும்?

ஃபிரிட்ஜ்_டாக்டர்:
கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் கொஞ்ச நேரம் தாங்கும். நல்ல டீப் ஃபிரீசர் நிறைந்திருந்தால் இரண்டு நாள், பாதி இருந்தால் ஒரு நாள் தாங்கும், ஒற்றைக் கதவில் அதைவிடக் குறைவுதான். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில் வைத்து நிரப்புங்கள், முழுக்க ஊற்றாமல் கழுத்து வரை. ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, கறியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கலா_லைன்வீடு:
எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஃபிரீசர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவருக்குக் கொடுக்க நினைத்த தவணையை வாரம் 250 ரூபாயாக எடுத்து அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு சாமான். எண்ணெய் மட்டும் 250க்குள் அடங்காது, அதனால் எங்கள் லைனில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு கடலை எண்ணெய் டின் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். தம்பி பயந்த பஜ்ஜி பிரச்சினையும் வராது, வீட்டுக்கு மூன்று கிலோதான்.

முக்குக்கடை_அண்ணாச்சி:
நல்ல யோசனை, ஆனால் டின்னில் 15 கிலோ என்று போட்டிருக்கிறதா, 15 லிட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 15 லிட்டர் என்றால் 13.65 கிலோதான், ஒன்றரை லிட்டர் அளவுக்கு வித்தியாசம். பிரிக்கும்போதும் சொம்பால் ஊற்றாமல் தராசில் வைத்துப் பிரியுங்கள், கடைசி வீட்டுக்கு அடிமண்டிதான் வரும் என்பதால் முதலிலேயே ஒருமுறை நன்றாகக் குலுக்கிவிடுங்கள். வீட்டில் பெரிய பாத்திரத்தில் திறந்து வைக்காமல் பாட்டிலில் நிரப்பி இருட்டில் வையுங்கள், அடுப்புப் பக்கத்தில் வேண்டாம்.

காலி டின் யாருக்கு என்பதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். மூடி வெட்டி அரிசி போட்டு வைக்க எல்லோருக்கும் அது வேண்டும். எங்கள் தெருவில் எண்ணெயைப் பிரித்துக்கொள்வதில் சண்டை வந்ததே இல்லை, தகர டின்னுக்குத்தான் இரண்டு வீடு இன்னும் பேசிக்கொள்வதில்லை.